குளம் வற்றும் காலம் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

வணக்கம். கோவையில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வரும் ஆகஸ்டில் மனைவி, எட்டு வயது மகள், அம்மா, நான் என்று நாலு பேர் ஏழு நாள் பயணமாக இலங்கை வருகிறோம். முதுமலை, டாப்ஸ்லிப், வால்பாறை எல்லாம் பல முறை போன குடும்பம். அதனால் கடற்கரை, கடைத்தெருவைவிடக் காடு பார்க்கத்தான் ஆசை. டிராவல்ஸ்காரர் வில்பத்து, மின்னேரியா, சிங்கராஜா, ஹோர்ட்டன் சமவெளி, உடவளவை, யால என்று ஆறு இடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். யாலவில் சிறுத்தை கேரண்டி என்கிறார். மகள் இப்போதே சிறுத்தைப் படம் வரைந்து சுவரில் ஒட்ட ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்குக் கதிர்காமம் போக வேண்டும். அது அவர் பட்டியலில் இல்லை. ஆறும் பார்க்க முடியுமா? எதை விடலாம்? நம்ம ஊர்க் காடுகளைப் பார்த்தவர்களுக்கு அங்கே புதிதாக என்ன இருக்கிறது?

கோவை வாசகர்

அன்பின் தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

நீங்கள் பார்த்தவை மலைக் காடுகள். மேலே மழை பெய்கிறது, ஆறு இறங்கி வருகிறது, ஆற்றை ஒட்டி விலங்கு நிற்கிறது. எங்கள் வடக்கும் கிழக்கும் வடமத்தியும் தட்டை நிலம். ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் மாரி. அதன் பிறகு சித்திரையில் கொஞ்சம் பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மாரித் தண்ணீரை மறித்து வைக்காவிட்டால் அடுத்த போகம் கிடையாது. அதனால் 2000 வருடங்களுக்கு மேலாக இங்கே சனங்கள் குளம் கட்டிக்கொண்டே இருந்தார்கள். பிறகு அனுராதபுரம், பொலன்னறுவை என்ற பழைய தலைநகரங்கள் சரிந்தன. வயல் காடாகிவிட்டது, குளங்கள் காட்டுக்குள் போய்விட்டன. நீங்கள் ஜீப்பில் போகும்போது பற்றைக்குள் கற்றூண் சாய்ந்து கிடப்பதைக் காண்பீர்கள், பாலை மரத்தடியில் பழைய செங்கல் கிடக்கும். யானை குடிப்பது யாரோ ஓர் அரசன் மறித்த தண்ணீரை. முதுமலை பார்த்த கண்ணுக்கு இங்கே புதிது இதுதான்.

மின்னேரியாக் குளத்தை மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மகாசேனன் கட்டினான். ஊர்ச்சனங்கள் இன்றைக்கும் அவனை மின்னேரித் தெய்வம் என்று கும்பிடுகிறார்கள். மாரியில் குளம் நிரம்பும். வரண்ட காலத்துச் சிறுபோகத்துக்குத் துருசைத் (மதகை) திறந்துவிட்டால் தண்ணீர் வயலுக்குப் போகும், குளம் நாளுக்கு நாள் உள்வாங்கும். ஆடி ஆவணியில் சுற்றியுள்ள காடெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடக்க, குளத்தின் ஈரமண்ணில் மட்டும் இளம்புல் முளைத்திருக்கும். அந்தப் புல்லுக்காகத்தான் யானைகள் வருகின்றன. நல்ல வருடத்தில் 300 வரை ஒரே வெளியில் நிற்கும். சுற்றுலாக்காரர்கள் இதற்குக் கேதரிங் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1997இல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பூங்காவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை, குளத்துக்கு 1700.

2016 ஆவணியில் என்னுடைய அக்காவின் பிள்ளைகளோடு அங்கே போயிருந்தேன். மாலை நாலு மணி. சாரதியிடம் சொல்லி வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, இயந்திரத்தையும் அணைத்துவிட்டோம். எங்களுக்கு முன்னால் ஒரு தாயும் குட்டியும். அங்கே புல் விரற்கடை உயரம்தான், தும்பிக்கையால் சுற்றிப் பிடிக்க முடியாது. தாய் முன்னங்காலின் நகத்தால் மண்ணைக் கெல்லும். இரண்டு தரம், மூன்று தரம். கெல்லியதைத் தும்பிக்கை நுனியால் கூட்டி ஒரு பிடியாக்கி, வேரில் இருக்கும் மண் போக முழங்காலில் தட்டும். டப், டப் என்று கேட்கும். பிறகுதான் வாய்க்குப் போகும். குட்டியும் காலால் கெல்லிப் பார்த்தது. புழுதி எழும்பியதே தவிர புல் வரவில்லை. தாயின் வாயருகே தும்பிக்கையை நீட்டி, அது மென்றுகொண்டிருந்ததில் ஒரு துண்டை இழுத்தெடுத்துத் தின்றது. நாற்பது நிமிடம் இதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு வயதுப் பிள்ளையும் அசையவில்லை. உங்கள் மகளுக்கு இந்த நாற்பது நிமிடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஆறு பூங்காக்களைக் குறையுங்கள் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பிழை. மேலே மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்து, 2018க்குப் பிறகு வரண்ட மாதங்களிலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் வருகிறது. விவசாயிக்கு அது தேவைதான், நானும் வயல்காரக் குடும்பம். ஆனால் குளம் வற்றாவிட்டால் புல் முளைக்காது. சில வருடங்களில் ஆவணியிலும் குளம் தளும்பி நிற்க, புல்வெளி தண்ணீருக்கடியில் கிடந்திருக்கிறது. யானைகள் வந்து பார்த்துவிட்டு மெலிந்த உடம்போடு வேறு பக்கம் போய்விடுகின்றன. எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று நீர்ப்பாசனக்காரரும் வனசீவராசித் திணைக்களமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் வயலுக்கும் தண்ணீர் கிடைக்கும், புல்லும் முளைக்கும். மகாசேனன் காலத்திலிருந்து குளம் வற்றியும் நிறைந்தும்தான் வந்திருக்கிறது. நம்முடைய காலத்தில் இது நின்றுபோவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆகவே ஹபரணையில் தங்கி, அன்றன்றைக்கு யானை எங்கே நிற்கிறது என்று விசாரித்துவிட்டு நுழைவுச்சீட்டு எடுங்கள். மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு மூன்று காடுகளும் பக்கத்தில்தான், யானைகள் மூன்றுக்கும் மாறி மாறிப் போகும். ஊர்ச் சாரதிகளுக்குத் தெரியும். கொழும்பில் இருந்துகொண்டு முன்கூட்டியே சீட்டு எடுத்துக் கொடுக்கிற முகவருக்குத் தெரியாது.

யானைகளைப் பார்க்கும்போது தந்தத்தைத் தேடாதீர்கள். எங்கள் ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. தந்தமில்லாத ஆணை நீங்கள் மக்னா என்பீர்கள், எங்கள் பக்கம் அலியன். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 5,879 யானைகள். யானை நடமாடும் நிலம் நாட்டில் ஏறக்குறைய 60 விழுக்காடு, அந்த நிலத்திலும் 70 விழுக்காட்டில் மனிதர் குடியிருக்கிறார்கள். பூங்கா வேலிக்குள் யானை, வெளியே மனிதர் என்பது வரைபடத்தில் மட்டும்தான். 2023இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் செத்தன, 150க்கு மேற்பட்ட மனிதர்களும். துவக்குச் சூடு, மின்சாரக் கம்பி, தீனிக்குள் வைக்கும் ஹக்க பட்டாஸ் என்ற வாய்வெடி. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில் ரயில் மோதி ஒரே கூட்டத்தில் ஆறு யானைகள் போயின. நீங்கள் தங்கப்போகும் இடத்திலிருந்து அந்தத் தண்டவாளம் தூரமில்லை. வீதியோரத்தில் யானை நின்றால் சிலர் வாழைப்பழம் எறிவார்கள். பிள்ளை கேட்டாலும் கொடுக்க விடாதீர்கள். பழத்துக்குப் பழகிய யானை வண்டியை மறிக்கத் தொடங்கும், பிறகு அதற்குத்தான் வெடி வைப்பார்கள்.

அடுத்து வில்பத்து. நான் வவுனியாக்காரி, இது எங்கள் காட்டின் தொடர்ச்சி என்பதால் எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது. 1938இல் அறிவிக்கப்பட்ட பூங்கா, 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல், நாட்டிலேயே பெரியது. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்து 2010இல்தான் மறுபடி திறந்தார்கள். வில்லு என்றால் மழைத்தண்ணீர் தேங்கும் இயற்கைப் பள்ளம். சுற்றிவர வெண்மணல், அதற்கப்பால் புல், அதற்கப்பால் சுவர்போலக் காடு. காட்டுக்குள் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். குருட்டுப்பாண்டி வில்லு, மாணிக்கபொல ஊற்று. நாலு பெயர் தமிழில், நாலு பெயர் சிங்களத்தில், சிலது இரண்டும் கலந்து. யானை பிடிக்கும் பணிக்கரும் தேன் எடுப்பவரும் மாடு தேடிப் போனவரும் வைத்த பெயர்கள்.

சின்ன வயதில் வைகாசி, ஆனியில் அம்மம்மா எங்களைப் பாலைப்பழம் பொறுக்கக் கூட்டிப்போவா. மஞ்சளாய், வேப்பம்பழத்தைவிடச் சின்னதாய் இருக்கும். தேன் மாதிரி இனிப்பு. பத்துப் பழம் தின்றால் பால் ஒட்டி இரண்டு உதடும் பிரியாது, நல்லெண்ணெய் பூசித்தான் விடுவிக்க வேண்டும். சத்தம் போட்டுக்கொண்டே பொறுக்கச் சொல்லுவா, கரடிக்கும் அந்தப் பழம்தான் உயிர் என்பதால். பல வருடம் கழித்து வில்பத்துக்குள் ஓர் ஆனி மாதத்தில் அதே பாலை மரத்தின் உச்சியில் ஒரு கரடியைப் பார்த்தேன். கொப்பை முறித்து மடியில் வைத்துக்கொண்டு, உதட்டைக் குழாய்போல நீட்டிப் பழம் உறிஞ்சிற்று. தின்று முடித்த கொப்பைக் கீழே போட்டது. கீழே எட்டுப் பத்துப் புள்ளிமான் காத்து நின்று இலையைத் தின்றன. உதடு ஒட்டியதோ என்னவோ, கரடி முன்னங்கையால் வாயைத் துடைத்துத் துடைத்து விட்டது. வண்டிக்குள் எனக்கு அம்மம்மாவின் எண்ணெய் வாசம் வந்தது. நீங்கள் வரும் ஓகஸ்டில் பழக்காலம் முடிந்திருக்கும். ஆனால் வில்லுகளில் தண்ணீர் சுருங்கி, விலங்குகள் ஒவ்வொன்றாக மணலுக்கு இறங்கி வரும்.

சிறுத்தைக்கு வருகிறேன். இலங்கைக் காட்டில் வரிப்புலி கிடையாது. முதுமலையில் புலிக்குப் பயந்து மறைந்து திரிகிற சிறுத்தையைத்தான் நீங்கள் அறிவீர்கள். இங்கே அதற்கு மேல் ஆள் இல்லை. இரையை மரத்தில் ஏற்றி ஒளிக்கும் தேவையும் குறைவு, பகலிலும் மணற்பாதையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும். யாலவின் முதலாம் வட்டாரம் 141 சதுர கிலோமீற்றர்தான், அதற்குள் சிறுத்தைகள் நெருக்கம் என்பது உண்மை. நெருக்கமாக ஜீப்புகளும் இருக்கின்றன. ஒருவர் கண்டால் தொலைபேசியில் மற்றவருக்குச் சொல்ல, புழுதி பறக்க ஐம்பது வண்டி ஓடிவந்து ஒரு மரத்தைச் சூழ்கிறது. நான் ஒருமுறை அதற்குள் அகப்பட்டேன். சிறுத்தையின் வாலை மட்டும் கண்டேன், பக்கத்து வண்டியில் ஒரு குழந்தை புழுதியில் இருமி இருமி அழுதது. சாரதிகளைக் குறை சொல்ல மாட்டேன். சிறுத்தை காட்டாவிட்டால் கைக்காசு கிடைக்காது என்று அவர்களை ஓட வைத்தது நாங்கள். கேரண்டி என்று உங்களுக்குச் சொன்னவர் விற்கிறது இந்த ஓட்டத்தைத்தான்.

யாலவை விடுங்கள். வில்பத்தில் காலை ஆறு மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போய் மாலை வரை இருங்கள். ஏறும்போதே சாரதியிடம், “தம்பி, சிறுத்தை வராவிட்டாலும் உங்களுக்குத் தரவேண்டியதைத் தருவோம், ஒரு வில்லுப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிடுங்கோ” என்று சொல்லுங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். மகளிடம் வீட்டிலேயே சொல்லிவையுங்கள், அது வந்தாலும் வரும், வராவிட்டால் அதன் காலடியை மணலில் தேடலாம் என்று. வண்டியை விட்டு இறங்க விடமாட்டார்கள், சாப்பாட்டுக்குக் கும்புக்வில ஒன்றுதான் இடம். கழுவக் குடிக்கத் தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள், அம்மாவுக்கு முதுகுக்கு ஒரு தலையணையும்.

ஹோர்ட்டன் சமவெளி அருமையான இடம். 2,100 மீற்றருக்கு மேலே, மகாவலியின் தலைநீர் அங்கேதான். ஆனால் ஓகஸ்டில் தென்மேற்குக் காற்றும் மூடுபனியும். உலக முடிவு என்ற மலைவிளிம்பில் நின்று வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவீர்கள். தை, மாசியில் வாருங்கள். நீலகிரிச் சோலையையும் புல்வெளியையும் கண்ட உங்களுக்கு அதன் தங்கையைக் கண்டதுபோல இருக்கும். சிங்கராஜா மழைக்காடு, ஆறுதலாக நடந்து பறவை பார்க்க வேண்டிய இடம், அம்மாவுக்கு அட்டைக்கடி ஆகாது. உடவளவை இந்த முறை வேண்டாம்.

கதிர்காமத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் சனங்கள் தேசியப் பூங்கா என்ற சொல் வருமுன்பே காடு பார்த்தது அந்த வழியில்தான். வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு, குமண, யால இரண்டு காடுகளையும் நடந்தே கடக்கிறார்கள். கொடியேற்றத்தையொட்டிக் கொஞ்ச நாளைக்குத்தான் காட்டுவாசல் திறக்கும். நானும் ஒருமுறை நடந்தேன். அரிசி, பருப்பு, தண்ணீர்ப் போத்தல் தலையில். இரவில் ஆற்று மணலில் வரிசையாகப் படுக்கை. விடிய எழும்பிப் பார்த்தால், எங்கள் வரிசைக்கும் தண்ணீருக்கும் நடுவில் சிறுத்தையின் புதுத் தடம், ஒருவரையும் தொடாமல் போயிருந்தது. ஒரு கிழவி அந்தத் தடத்தைச் சுற்றிக் கூழாங்கல் அடுக்கினா, பின்னால் வருகிறவர்கள் மிதிக்காமல் இருக்க.

ஆக, வில்பத்துக்கு இரண்டு இரவு, ஹபரணைக்கு இரண்டு, ஒரு முழுநாள் ஓட்டம், கதிர்காமத்தில் இரண்டு இரவு. அங்கே பூங்காச் சீட்டு ஒன்றும் எடுக்க வேண்டாம். கோயிலுக்குப் போகுமுன் மாணிக்க கங்கையில் இறங்குங்கள், அந்த ஆறுதான் யாலக் காட்டுக்குள் ஓடுகிறது. இரண்டு கரையிலும் மருத மரம். ஓகஸ்டில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும், ஆனால் கல் வழுக்கும். அம்மாவைக் கைபிடித்து இறக்குங்கள். குரங்குகள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும், அர்ச்சனைத் தட்டை மகள் கையில் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
அக்கா