இரண்டு இரவு காவலும் சிறை இல்லாத தண்டனையும்

கேள்வி: சந்தேகத்தின் பேரில் என் தம்பியைக் காவல் நிலையத்தில் இரண்டு இரவு வைத்திருந்து, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமலே அனுப்பிவிட்டார்கள். இதற்குச் சட்டத்தில் பரிகாரம் உண்டா?

பதில்: உண்டு. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு தரும் உரிமை. கைதான நேரமும் தேதியும் குறித்து, சாட்சி கையொப்பமிட்ட கைதுக் குறிப்பில் தம்பியும் கையெழுத்திட்டாரா என்று முதலில் கேளுங்கள். அப்படி ஒரு தாளே இல்லையென்றால், அதுவே உங்கள் தரப்புக்கு வலு. போதிய காரணமின்றிக் கைது செய்யவைத்தவரிடம் இழப்பீடு பெறப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 399-ஆவது பிரிவு வழிசெய்தாலும், அதன் உச்சவரம்பு 1,000 ரூபாய்தான். நீதிமன்றத்துக்குப் போய்வரும் ஆட்டோச் செலவுக்கே அது காணாது. ஆகவே, அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (உரிமை மீறலுக்கு நேரடியாக நிவாரணம் கேட்கும் மனு) போடுவதே மேல். வழக்கிலிருந்து நீதிமன்றம் விடுவித்த பின்னும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு 1983-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியது இவ்வகை மனுவின் பேரில்தான். மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் அனுப்புவதானால் ஓராண்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: சிறு திருட்டுக்கும் சிறைதானா?

பதில்: இல்லை. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், 2024 ஜூலை முதல் சமூக சேவையே தண்டனை.