முகம் அடைத்த ஆறு

அன்புள்ள ஐயா,

தினமும் திரு.வி.க. பாலம் வழியாகத்தான் ஆபீஸ் போகிறேன். 1746-ல் அடையாற்றங்கரையில் நடந்த போர் சரியாக எந்த இடத்தில் நடந்தது? போன வாரம் மகளுக்குக் காட்ட வண்டியை நிறுத்தினேன். சாக்கடைக்குள் நூறு பறவைகள் நின்றுகொண்டிருந்தன. போக்கிடம் இல்லாத ஜீவன்கள், பாவம் என்றேன்.

ச.

அன்புள்ள ச.,

அந்த வருடம் அக்டோபர் 24. வடகரையில் ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் படை. தெற்கிலிருந்து பாரடிஸ் என்ற அதிகாரி நடத்தி வந்த சிறிய பிரெஞ்சுப் படை ஆற்றில் இறங்கிக் கடந்து அதைச் சிதறடித்தது. முகத்துவாரத்துப் பக்கம்தான். இன்ன இடம் என்று கல் நட்டுக் காட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை.

அந்தப் ‘பாவம்’தான் இரண்டு நாளாக மனதை அரிக்கிறது. நீங்கள் பார்த்தது நெடுங்கால் உள்ளானாக இருக்கும். சிவந்த குச்சிக் கால், ஊசி மூக்கு. கழிவுச் சேற்றில் பூச்சிப் புழுக்கள் கொழிக்கும். அதைத் தின்ன வந்திருக்கிறது. அது கூட்டமாக நிற்பதால் ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் சாக்கடை என்று சொன்னீர்களே, அது நம் வீடுகளிலிருந்து போனதுதானே? ஆற்றின் பெயரோடு வசவையும் சேர்த்தல்லவா குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்!

அடையாற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து என்றால் எல்லோரும் ஆதனூர் ஏரியைச் சொல்வார்கள், செம்பரம்பாக்கத்தைச் சொல்வார்கள். கடலை யாரும் சொல்வதில்லை. எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு அலுக்காது: இந்த ஆற்றின் கடைசிப் பகுதிக்கு உயிர் கடலிலிருந்து வருகிறது. தென்மேற்குக் காற்றுக் காலம் முழுக்க கடல் மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். கோடையில் ஆற்றுக்கு எதிர்த்துத் தள்ள வலுவில்லை. மணல் ஏறி முகத்தை அடைத்துவிடும். அப்புறம் உப்புநீர் ஏறுவதில்லை, மீன் குஞ்சுகள் வருவதில்லை. உள்ளே நிற்கும் தண்ணீர் அழுகும்.

எண்பதுகளில் ஒரு நவம்பர். இரவெல்லாம் மழை பெய்து விடிவதற்குள் மணல்திட்டை ஆறே அறுத்துவிட்டிருந்தது. ஊரூர்க் குப்பத்து மீனவ அண்ணன் ஒருவர் என்னையும் கூட்டிப்போனார். மதியம் கடல் ஏறியது. அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்து, “உப்பு வந்துடுச்சு” என்றார். முந்தின நாள்வரை அழுகிய முட்டை நாற்றம் வீசிய இடம் அது. வீச்சுவலையை இழுத்தபோது மூன்று மடவை மீன். ஒன்று என் காலடியில் துள்ளி விழுந்தது. வயிறு வெள்ளிமாதிரி இருந்தது. ஈரச் சேற்றில், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த குட்டி நண்டுகள் வளைவளையாக வெளியே வந்து அந்தக் கொடுக்கை ஆட்டின. வீட்டுக்கு வர மனமே இல்லை எனக்கு.

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். வண்டியை நிறுத்தி மகளுக்கு ஆற்றைக் காட்டினீர்களே, எத்தனை அப்பாக்கள் செய்கிறார்கள்? முகம் திறந்திருக்கும் மாதத்தில், கடல் ஏறும் நேரம் பார்த்து, முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலத்துப் பக்கம் கூட்டிப்போங்கள். பாலத்தில் ஏற வேண்டாம், மணலிலேயே நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.