லெட்சுமியைத் திருத்தலாமா?

கேள்வி: என் மகனுக்குக் காரைக்குடிப் பக்கத்தில் பெண் எடுத்திருக்கிறோம். மணமகளின் பெயரை அவர்கள் 'ஜெயலெட்சுமி' என்று எழுதி அனுப்பினார்கள். நான் அச்சகத்தில் சொல்லி அழைப்பிதழில் 'ஜெயலட்சுமி' என்று மாற்றிவிட்டேன். பெண் வீட்டார் முகம் வாடிவிட்டது. எழுத்துப் பிழையைத் திருத்துவது குற்றமா?
(வாசகர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: குற்றமில்லை, ஆனால் திருத்தத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 'லெ'யில் பிழை கண்ட தாங்கள், அதற்கு இரண்டெழுத்து முன்னால் நிற்கும் 'ஜெ'யை எப்படித் தப்பவிட்டீர்கள்? வடமொழியில் அந்தச் சொல் 'ஜய' என்பதுதான். 'ஜ' போல அதிர்ந்தொலிக்கும் எழுத்துகளையும் ய, ர, ல ஆகியவற்றையும் முதலாகக் கொண்ட வடசொற்கள் தமிழர் நாவுக்கு வந்தபோது, அவற்றின் முதல் அகரம் பல இடங்களில் எகரமாகத் திரிந்தது. கங்கை கெங்கையானதும், ரத்தினம் ரெத்தினமானதும், ரங்கன் ரெங்கனானதும், யஜமானன் எசமானானதும் இந்த வழியில்தான். பலம் என்பது பெலன் ஆகி, தமிழ் வேதாகமத்தில் இன்றும் அப்படியே வாசிக்கப்படுகிறது. இத்தனைக்கும் காரணமான ஒரே திரிபுதான் ஜெயத்தையும் லெட்சுமியையும் தந்தது. ஜெயம் எல்லா ஊர்களிலும் செல்வாக்குப் பெற்றுவிட்டதால் தங்களுக்கு அது சரியாகத் தெரிகிறது. லெட்சுமி சில வட்டாரங்களோடு நின்றுவிட்டதால் பிழையாகத் தெரிகிறது.

சரி, தாங்கள் போட்ட 'லட்சுமி'யாவது மூலத்தில் உள்ளபடி இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. மூலத்தில் இருப்பது 'க்ஷ்'. அதை 'ட்ச' என்று உடைத்துக்கொண்டது நாம்தான். பட்சியும் அட்சரமும் அப்படி வந்தவையே. அதற்கும் பழைய வழி ஒன்று உண்டு. அதில் 'க்ஷ' ககரமாக இரட்டிக்கும்; லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்பதால் முன்னே ஓர் இகரமும் வந்து சேரும். இலக்குமி அப்படிப் பிறந்தவள், கம்பர் பாடிய இலக்குவனும் அப்படியே. லட்சம், இலக்கம் என்ற இரு வடிவங்களும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை என்பதைப் பார்த்தால் இரண்டு வழிகளும் விளங்கும். ஆகவே கறாரான திருத்தக்காரர் 'ஜயலக்ஷ்மி' என்று கிரந்தத்தோடு எழுத வேண்டும். அல்லது 'சயலக்குமி' என்று தமிழ் மரபுக்கு முழுதாக வந்துவிட வேண்டும். தாங்கள் அச்சிட்டது இரண்டிலும் சேராது.

என்னைக் கேட்டால், இந்தக் குடும்பத்தில் உறுத்துவது 'லஷ்மி' ஒன்றுதான். ககரத்தை விழுங்கிவிட்ட அந்த வடிவத்துக்கு வடமொழியிலும் ஆதரவில்லை, தமிழிலும் இல்லை. ஆனாலும் அப்படிக் கையெழுத்திடுபவரின் கட்டுரை வந்தால், உள்ளே இருக்கும் ஒற்றுப்பிழைகளையெல்லாம் திருத்துவோமே தவிர, தலைப்பின் கீழுள்ள பெயரில் கை வைப்பதில்லை. திருமகளைப் பற்றிய கட்டுரை என்றால் எழுத்து எங்கள் பொறுப்பு. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயர் என்றால் அவர் எழுதுவதே எழுத்து.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அதற்கு 90 நாள் கெடு. பதிவுக்குப் போகும்போது ஆதார், பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றோடு அழைப்பிதழையும் கேட்பார்கள். ஆதார் அட்டையில் பெயர் தமிழிலும் அச்சாகியிருக்கும். அதை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். தங்கள் ஓர் எழுத்துக்காக அந்தப் பெண் அதில் ஒன்றைச் செலவழிக்க வேண்டுமா?

அழைப்பிதழை இன்னும் உறவினருக்குக் கொடுக்கத் தொடங்கவில்லை என்றால், பெண்ணின் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே மறுபடியும் அச்சிடச் சொல்லுங்கள். செலவைப் பெண் வீட்டார் தலையில் கட்டாதீர்கள்.