திருநங்கையரும் பெண்கள் பிரிவும்: தடகள நடுவரிடம் கேளுங்கள்

கேள்வி: ஹார்மோன் சிகிச்சையில் டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்துவிட்டால் எல்லாம் சமம்தானே?

பதில்: ஒரு பகுதி சமமாகும். ஹீமோகுளோபின் மூன்று, நான்கு மாதங்களில் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். தசை அப்படி இறங்காது. ஓராண்டில் சுமார் 5 சதவீதம்தான் குறைகிறது. பருவ வயதில் நீண்ட எலும்பு நீண்டதுதான். அமெரிக்க விமானப்படையிலிருந்த திருநங்கையரை வைத்து 2020-இல் வந்த ஆய்வில், இரண்டாண்டு சிகிச்சைக்குப் பின் தண்டால் எடுப்பதில் மற்றப் பெண்களோடு வித்தியாசம் இல்லாமல் போனது. ஓட்டத்தில் அவர்களைவிட 12 சதவீதம் கூடுதல் வேகம் மிச்சம் இருந்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் படைவீரர்கள். உயர்மட்டத் திருநங்கை வீராங்கனைகளை வைத்து நடந்த ஆய்வு மிகக் குறைவு. அறிவியல் முடிவு சொல்லிவிட்டது என்று எந்தப் பக்கத்தார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: இப்போது விதி என்ன?

பதில்: விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். நீச்சலில் 2022 முதலும், தடகளத்திலும் சைக்கிளிலும் 2023 முதலும், ஆண் பருவ வளர்ச்சி கண்ட திருநங்கையருக்குச் சர்வதேசப் பெண்கள் பிரிவில் இடமில்லை.

கேள்வி: சாந்தி சௌந்திரராஜன் திருநங்கைதானே?

பதில்: இல்லை. பிறந்தது முதல் பெண்ணாக வளர்ந்தவர். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனைக்குப் பிறகு பறித்தார்கள். ஓட்ட வீராங்கனைகள் டூட்டி சந்த், காஸ்டர் செமன்யா வழக்குகளும் திருநங்கையர் வழக்குகள் அல்ல. பெண்ணாகவே வளர்ந்தவர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் இயல்பிலேயே அதிகமாக இருப்பது பற்றியவை. தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள். குழப்பத்தின் விலையைக் கொடுப்பது ஒரு பெண்ணின் வாழ்க்கை.

கேள்வி: ஒரு வீராங்கனையின் படம் அனுப்பியிருக்கிறேன். பார்த்தால் என்ன தோன்றுகிறது?

பதில்: சொல்லமாட்டேன். ஒருமுறை ஒட்ட வெட்டிய முடியோடு வந்த பதினான்கு வயதுப் பெண்ணைச் சோதிக்கச் சொல்லி எதிரணிப் பெற்றோர் ஒருவர் சத்தம் போட்டார். அவள் ஸ்பைக்ஸைக் கையில் பிடித்தபடி, மார்பில் குத்திய எண்ணின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். ஓடினாள், ஆறாவதாக வந்தாள். அதன்பின் அவளை எந்தப் போட்டியிலும் நான் பார்க்கவில்லை.

கேள்வி: நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீண்ட கையும் இயற்கை கொடுத்ததுதானே? அதை யாரும் தடுக்கவில்லையே?

பதில்: நல்ல கேள்வி. கை நீளத்துக்கு நாம் பிரிவு வைக்கவில்லை, பாலினத்துக்கு வைத்திருக்கிறோம். 100 மீட்டரில் ஆண்கள் உலக சாதனை 9.58, பெண்களுடையது 10.49. இந்த இடைவெளிக்குள் ஏராளமான ஆண்கள் ஓடியிருக்கிறார்கள். பிரிவே இல்லையென்றால் இறுதிப் போட்டியில் ஒரு பெண்கூட இருக்கமாட்டார். பிரிவு எதைச் சரிக்கட்ட வந்ததோ, அதே அனுகூலத்தோடு அதற்குள் வருவது வேறு. நீண்ட கை வேறு.

கேள்வி: (அதே நண்பர்) அப்படியானால் திருநங்கையர் ஏன் பதக்கங்களை அள்ளவில்லை? டோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கும் திருநங்கை லாரல் ஹப்பார்டால் ஒரு எடையைக்கூடத் தூக்க முடியவில்லையே?

பதில்: உண்மை. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் மூன்று முயற்சியும் தவறின. அவருக்கு அப்போது 43 வயது. அனுகூலம் இருப்பவரும் தோற்கலாம். ஆகவே தோல்வி எதையும் நிரூபிப்பதில்லை, அமெரிக்கக் கல்லூரி நீச்சலில் திருநங்கை லியா தாமஸின் 2022 வெற்றியும் தனியாக எதையும் நிரூபிப்பதில்லை.

கேள்வி: (மறுபடியும் அவரே) அப்படியானால் அவர்கள் எங்கே போவார்கள்?

பதில்: என் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இதுதான். 2023-இல் பெர்லின் நீச்சல் உலகக் கோப்பையில் யாரும் சேரலாம் என்ற திறந்த பிரிவு வைத்தார்கள். ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. தன்னைத் தனியாக நிறுத்திக் காட்டும் தடத்தில் யார் இறங்குவார்? உலகப் பதக்கத்துக்குக் கடுமையான விதி வேண்டும் என்பது என் கருத்து. பள்ளிப் போட்டிக்கும் வார இறுதி ஓட்டத்துக்கும் அதே விதியைக் கொண்டுவருவது அநியாயம். அங்கே பிள்ளைகள் விளையாடட்டும்.

கேள்வி: திருநம்பிகள்?

பதில்: ஆண்கள் பிரிவில் ஆடலாம். டெஸ்டோஸ்டிரோன் தடைசெய்யப்பட்ட மருந்து என்பதால், எடுப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்க வேண்டும்.

கேள்வி: ஹார்மோன் குறைத்தால் சமம்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இன்னொரு படம் அனுப்பவா?

பதில்: வேண்டாம்.