கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் அரசியல் ஈடுபாட்டைப் பற்றி எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். நீங்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் என்றும், ‘படிப்பவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்துவிட்டால் என்ன செய்வாய்?’ என்று வீட்டில் யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே பயம் இருந்தது.

2018 நவம்பரில் நடந்த அமெரிக்க நாடாளுமன்ற இடைக்காலத் தேர்தலின்போது நான் பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருந்ததால் எனக்கு வாக்குரிமை இல்லை. வேட்பாளருக்கு ஒரு டாலர்கூட நன்கொடை தரக் கூடாது. ஊதியம் பெறாத தன்னார்வலராக உழைக்க மட்டும் சட்டம் இடம் தந்தது. “கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், நமக்கு எதற்கம்மா இது?” என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனாலும் சனிக்கிழமைதோறும் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

ஒரு வீட்டில் வலைக்கதவைப் பாதி திறந்த மூதாட்டி, நான் மனப்பாடம் செய்திருந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, “நீ யாருக்கு வாக்களிக்கப் போகிறாய்?” என்றார். எனக்கு வாக்கு இல்லை என்றேன். “பிறகு உனக்கு இதில் என்ன?” என்றார். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததில் அதற்குப் பதில் இல்லை. என் பள்ளியும் இந்தத் தொகுதியில்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் துண்டறிக்கையை வாங்கிக்கொள்ளவில்லை. எங்கள் வேட்பாளரை ஏற்கவும் இல்லை. ஆனால் என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தவர், பேனாவை வாங்கி, இறந்துபோன தம் கணவரின் பெயரைத் தாமே அடித்துவிட்டுத் தந்தார்.

மறு ஆண்டு விண்ணப்பிக்கும் நேரத்தில், பெற்றோர் பணம் கட்டி அமர்த்திய ஆலோசகர் அரசியலை முழுவதுமாக எடுத்துவிட்டு நான் கற்ற நடனத்தைப் பற்றி எழுதச் சொன்னார். “உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அதுதான் பாதுகாப்பு” என்றார். அந்தச் சொற்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன. குடியேறியவர்களின் பிள்ளைகள் கலையையும் நன்றியையும் மட்டுமே எழுத வேண்டும் என்று யார் வகுத்தார்கள்? 2018 பிப்ரவரியில் பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, துப்பாக்கி வன்முறையை எதிர்த்து அமைதியாகப் போராடியதற்காக மாணவர்களைப் பள்ளி தண்டித்தாலும் அது மாணவர் சேர்க்கையைப் பாதிக்காது என்று எம்ஐடி, யேல் உட்படப் பல கல்லூரிகள் வெளிப்படையாக அறிவித்திருந்தன. அதை எடுத்துச் சொன்னபோதும் அவர் காதில் வாங்கவில்லை.

ஆனால் என் முதல் வரைவு மோசமாக இருந்தது என்பதும் உண்மை. பல கல்லூரிகளுக்கும் சேர்த்து நிரப்பும் பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் கட்டுரைக்கு 650 சொற்கள்தான் உச்சவரம்பு. அதில் பெரும்பகுதியை மருத்துவக் காப்பீடு குறித்த கட்சியின் வாதங்களுக்கே செலவழித்திருந்தேன். கட்சிக்காக எத்தனை வாரம் உழைத்தோம், என்ன பொறுப்பு வகித்தோம் என்பதையெல்லாம் சொல்ல விண்ணப்பத்திலேயே பத்துச் செயல்பாடுகளுக்கு இடம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் விவரிக்கலாம். கட்டுரையிலும் அதையே நிரப்பினால், உங்களைப் பற்றிப் படிப்பவருக்கு எதுவும் தெரியாமல் போய்விடும்.

கட்சியை மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கட்சியின் பெயர் என் முதல் பத்தியிலேயே இருந்தது. இந்தக் கட்டுரையால்தான் எனக்கு இடம் கிடைத்தது என்றும் நான் சொல்லவில்லை. அதை அறிய எனக்கு வழியில்லை.

என் ஆங்கில ஆசிரியை செய்யச் சொன்னதை நீங்களும் செய்து பாருங்கள்: வேட்பாளரின் துண்டறிக்கையிலும் இடம்பெறக்கூடிய வாக்கியங்களையெல்லாம் உங்கள் வரைவிலிருந்து அடித்துவிடுங்கள். எனக்குப் பதினொரு வரிகள் மிஞ்சின. அவற்றில் ஏழு அந்த மூதாட்டியின் வாசலில் நடந்தவை. கட்டுரையை அங்கிருந்து மறுபடி தொடங்கினேன்.