யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது உண்மையா? 2022இல் ஏன் அது முடியவில்லை?

கேள்வி: "90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின என்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் ஏன் யாரும் அதைச் செய்யவில்லை?"

உண்மை. ஓடின, வருடக்கணக்காக ஓடின. இதே கேள்விக்கு ஒருவர் "பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் எரியவே எரியாது, வெளிநாட்டுக்குப் போனவர்கள் ஊதிப் பெருப்பித்த கதை" என்று பதில் போட்டிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீங்கள் 2022இல் வரிசையில் நின்று களைத்த ஆளாக இருக்கலாம், அல்லது தமிழ்நாட்டிலிருந்து ஆர்வத்தில் கேட்பவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது என்பது சரிதான். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. பெற்றோல் 35 பாகை செல்சியசில் இருந்தே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே சூடேறிய எஞ்சின் இருந்தால் மண்ணெண்ணெய் எரியும். இது யாழ்ப்பாணத்தார் கண்டுபிடித்த மாயமும் இல்லை. பெர்குசன் டிஈ20 உழவு இயந்திரத்தில் இந்த வகை எண்ணெய்க்கென்றே ஒரு மாதிரி விற்பனைக்கு வந்தது. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடு வந்த பிறகு மற்ற எண்ணெய்க்கு மாற்றுவதுதான் அதன் முறை. எங்கள் கராஜ்காரர் செய்தது, அதற்கென்று செய்யப்படாத எஞ்சினில் அதே வேலையைச் செய்ய வைத்தது. அந்தக் கெட்டித்தனத்தைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னால், 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து எனப் பல பொருட்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் விளக்குக்கென்று மட்டுமட்டாக வந்தது. பெற்றோல் களவாக வந்து போத்தல் கணக்கில் விலைப்பட்டது. ஆகவே கணக்கு எளிது: கிடைக்கிற கொஞ்சப் பெற்றோலை ஸ்டார்ட் பண்ணுவதற்கு வைத்துக்கொண்டு, ஓட்டத்துக்கு மண்ணெண்ணெய்.

எந்த எஞ்சின் என்பதுதான் முதல் கேள்வி. மண்ணெண்ணெயின் ஒக்டேன் பெறுமானம் ஐம்பதைக்கூட எட்டாது, பெற்றோலுக்கு 92. ஒக்டேன் குறைந்தால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும், எஞ்சின் தட்டும், பிஸ்டன் அடிபடும். எனவே அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற கணக்கு) குறைந்த பழைய எஞ்சின்தான் தாங்கும். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள், ஹொண்டாவின் 50, 90 சிசி நான்கு ஸ்ரோக் மோட்டார் சைக்கிள்கள் போன்றவை ஏறக்குறைய 7க்கும் 9க்கும் இடைப்பட்டவை. எல்லாம் காற்றையும் எரிபொருளையும் கலக்கும் காபரேற்றர், எல்லாம் பொறி வரும் நேரத்தை வைக்கும் பிளாட்டினம் பொயின்ற். கையால் திருகிச் சரிசெய்ய இடம் இருந்தது.

மோட்டார் சைக்கிளுக்குச் செய்முறை இப்படி. எரிபொருள் தாங்கிக்குள் மண்ணெண்ணெய். 200 மில்லியளவு கொள்ளும் சின்னப் போத்தல் ஒன்றில் பெற்றோல். இரண்டிலிருந்தும் வரும் ரியூப்கள் ஒரு மூன்றுவழி இணைப்பில் சேர்ந்து காபரேற்றருக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திறப்பு. சேலைன் ரியூபில் இருக்கும் உருளைத் திறப்பு இதற்கு அருமையாகப் பொருந்தும், ஆனால் அந்த ரியூப் பெற்றோல் பட்டு நாளடைவில் விறைத்து வெடிக்கும். அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். போத்தலைச் சைலன்சர் பக்கம் கட்டவே கூடாது.

பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மூன்று, நான்கு நிமிடம் ஓட விடுங்கள். சிலிண்டர் ஹெட்டில் ஒரு துளி தண்ணீர் விட்டால் சுர்ரென்று வற்ற வேண்டும். அதன் பிறகு பெற்றோலை மூடி மண்ணெண்ணெயைத் திறக்க வேண்டும். காபரேற்றர் கிண்ணத்தில் மிச்சம் இருக்கும் பெற்றோலும் புதிதாக வரும் மண்ணெண்ணெயும் கலந்து எரிவதால் மாற்றம் முரண்டு பிடிக்காமல் நடக்கும். அந்த நேரத்தில் இழுவை கொஞ்சம் விழும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். பதறி அக்சிலேற்றரை முறுக்கினால் பிளக் நனைந்து நின்றுவிடும்.

பலர் பிழைவிட்ட இடம் நிறுத்துவதில்தான். போய்ச் சேர அரைக் கிலோமீற்றர் இருக்கும்போதே மண்ணெண்ணெயை மூடிப் பெற்றோலைத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் கிண்ணம் பெற்றோலால் நிரம்பி, அடுத்த முறை உதைக்கும்போது பற்றும். மறந்து நிறுத்தினால் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி மண்ணெண்ணெயை வடிக்க வேண்டும், பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும், ஓட்டைக்குள் அரைத் தேக்கரண்டி பெற்றோல் விட்டு மூடி உதைக்க வேண்டும். பெற்றோல் அறவே இல்லாதவர்கள் பிளக்கை அடுப்பில் சூடாக்கிப் பூட்டிப் பார்ப்பார்கள். எஞ்சின் சூடு முற்றாக ஆறியிருக்காவிட்டால் சிலவேளை கைகொடுக்கும்.

தட்டல் கேட்டால் பொயின்ற் தட்டைச் சிறிது நகர்த்தி, பொறி வரும் நேரத்தைப் பிந்த வைக்க வேண்டும். பிளக்கும் ஒரு படி சூடானதாக இருந்தால் கரி ஒட்டுவது குறையும். என்ஜிகே பிளக்கில் இலக்கம் குறையக் குறையச் சூடு கூடும், ஆகவே 7க்குப் பதில் 6. கார் என்றால் ரேடியேற்றருக்கு முன்னால் காட்போட் மட்டையைச் செருகி, பாதிக் காற்றை மறித்து எஞ்சினைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். இறக்கத்தில் எஞ்சினை ஆறவிட்டு உருட்டக் கூடாது. யாழ்ப்பாணத்தில் இறக்கம் எங்கே என்று கேட்பீர்கள். உண்மைதான், தட்டையான ஊராக இருந்தது ஒரு வசதி.

இனி நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது: இது எஞ்சினைத் தின்னும். ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து, ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, ஒயில் நிற்கும் அடிச்சட்டிக்குப் போகும். ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்த்தால் மட்டம் குறையாமல் ஏறியிருக்கும், மணந்து பார்த்தாலே தெரியும். தண்ணியாகிப்போன அந்த ஒயிலில் ஓடினால் முதலில் பிஸ்டன் ரிங் தேயும், பிறகு பெயாரிங். ஆகவே 1500 கிலோமீற்றரில் மாற்றும் ஒயிலை 500இல் மாற்ற வேண்டும். ஒயிலும் கிடைக்காத ஊரில் இதை நினைத்துப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவதும், சைலன்சரைக் கழற்றி எரித்துத் தட்டுவதும் வழக்கமான வேலையாகிவிட்டது. இரண்டு ஸ்ரோக் வண்டிகளில் அடிச்சட்டி ஒயில் தொல்லை இல்லை, ஆனால் மண்ணெண்ணெய் கழுவுவதால் பிஸ்டன் இறுகும். லீற்றருக்கு 20 மில்லி ஒயில் கலந்த இடத்தில் 30 கலக்க வேண்டும், அதனால் பிளக் இன்னும் கூடுதலாகக் கரி பிடிக்கும். நப்தலீன் உருண்டை போட்டால் எல்லாம் சரி என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஒக்டேன் கொஞ்சம் ஏறும்தான். இரவில் ஆறியதும் அது திரும்பப் படிகமாகிக் காபரேற்றரின் சின்னத் துளையான ஜெற்றை அடைத்துவிடும்.

இனி 2022. ஏன் செய்யவில்லை? முதற்காரணம் வண்டி. இன்று ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பலவற்றின் அமுக்க விகிதம் 9.5, 10. புதியவற்றில் காபரேற்றரே இல்லை; ஊசித்துளை வழியே எரிபொருளைப் பீச்சும் முறை. பொறி நேரத்தைக் கணினி தீர்மானிக்கிறது, கையால் நகர்த்தத் தட்டு இல்லை. அதற்குள் மண்ணெண்ணெயை விட்டால் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி பூட்டிய சைலன்சரும் சேர்ந்து போகும். இரண்டாவது, மண்ணெண்ணெயும் இல்லை. நாட்டுக்குள் அதை வடித்த சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் மசகு எண்ணெய் (கச்சா எண்ணெய்) இல்லாமல் 2021 நவம்பரில் மூடப்பட்டது, பிறகும் திரும்பத் திரும்ப நின்றது. பெற்றோலுக்கு ஒரு வரிசை என்றால் மண்ணெண்ணெய்க்குக் கானோடு இன்னொரு வரிசை.

தட்டுப்பாட்டுக்கு என்ன காரணம் என்ற சண்டையில்தான் ஆக்கள் இரண்டு காலத்தையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். 90களில் நாட்டில் பெற்றோல் இருந்தது, எங்களுக்குத்தான் இல்லை. அது உத்தரவால் வந்த தட்டுப்பாடு. புலிகளின் கைக்குப் போகும் என்று அரசு சொன்ன காரணத்தை நான் மறைக்கவில்லை. புலிகள் உள்ளே வந்த பொருட்களுக்கு வரி அறவிட்டார்கள் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் நோயாளியை ஏற்றிப்போன காரும் அதே தடைக்குள்தான் ஓட வேண்டியிருந்தது.

2022இல் தட்டுப்பாடு டொலர் இல்லாததால் வந்தது. மார்ச் 28இல் இருந்து ஒரு பெற்றோல் கப்பல் கடலில் நங்கூரமிட்டு நின்றது. காசு கட்ட முடியவில்லை என்று எரிசக்தி அமைச்சரே மே மாதம் நாடாளுமன்றத்தில் சொன்னார். கப்பல் கண்ணுக்கெட்டிய தூரத்தில் நிற்க, "எல்லாம் பதுக்கல்காரரின் வேலை" என்று சிலர் சொல்வது எப்படிச் சரியாகும்? பதுக்கல் இருந்தது, கறுப்புச் சந்தையும் இருந்தது. ஆனால் அது பின்னால் வந்தது. தாங்கியில் வழமையாக 3 லீற்றர் வைத்திருந்தவர் பயத்தில் 10 லீற்றரும் நிரப்பினால், ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு வாரத்து எரிபொருள் ஒரே நாளில் பெற்றோல் நிலையத்தை விட்டுப் போகிறது. வராத எண்ணெய்ப் பவுசருக்கு (டாங்கர் லொறிக்கு) மேல் இந்தச் சுமையும். விலையை ஏற்றியும் இது அடங்கவில்லை. ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனபோதும் வரிசை குறையவில்லை. ஜூலையில் அறிமுகமான கியூஆர் பங்கீட்டு முறை, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று வரையறுத்த பிறகுதான் வரிசை ஒடுங்கியது. அடுத்த வாரமும் கிடைக்கும் என்று நம்பிக்கை வந்தால் யாரும் கானைத் தூக்கிக்கொண்டு விடியவிடிய நிற்பதில்லை.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பெற்றோல் வரிசையைப் படம் பிடித்தவர்கள் கரையோரம் வரவில்லை. சிறு படகுகளில் பூட்டும் வெளியிணைப்பு எஞ்சின்களில் மண்ணெண்ணெயில் ஓடவென்றே செய்யப்பட்டவை நிறைய. அவையும் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாறுபவைதான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது. மலிவாக விற்றதால் கலப்படத்துக்குப் போகிறது என்று நியாயம் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கட்டும். ஆனால் ஒரு நாள் தொழிலுக்கு 20 லீற்றர் எடுப்பவருக்குச் செலவு 1740இல் இருந்து 6800. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அது முதலே கட்ட வேண்டிய காசு. இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதை நான் காணவில்லை.

கலப்படம் என்றதால் ஒரு உபயோகமான விஷயம். தட்டுப்பாட்டுக் காலத்தில் வெளியே போத்தலில் வாங்கும் பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு நிழலில் காய விடுங்கள். நல்ல பெற்றோல் சில நிமிடத்தில் தடயம் இல்லாமல் போகும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்க் கறை நெடுநேரம் நிற்கும். கறை நின்றால் அதைப் புதிய சைக்கிளுக்குள் விட வேண்டாம். விட்டுவிட்டீர்களென்றால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காமல் தாங்கியை வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றிக் காய வைத்து, நல்ல பெற்றோல் ஒரு லீற்றராவது ஊற்றிய பிறகு எடுங்கள்.