27 வயதில் மறதி: பாட்டிக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஏழெட்டு மாதமாக மறதி அதிகமாகிவிட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய் இரண்டு முறை பாத்திரம் கருகிவிட்டது. ஸ்கூட்டி சாவியைத் தினமும் தேடுகிறேன். இரண்டு வருடமாகப் பழகியவரின் பெயரே மீட்டிங்கில் சட்டென்று வரவில்லை. குரூப் 2 தேர்வுக்கு இரவில் படிக்கிறேன். இன்று படித்தது நாளைக்கு இருப்பதில்லை. படுக்க ஒரு மணி ஆகிவிடும், ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன். தும்மல் தொல்லைக்காக மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை ஒரு வருடமாகத் தினமும் இரவில் போடுகிறேன். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம். வீட்டில் சைவம்தான். என் பாட்டிக்கு 78 வயதில் அல்சைமர் வந்தது. எனக்கு இருப்பது அதன் தொடக்கமா? மூளை ஸ்கேன் எடுக்கலாமா? ஞாபக சக்தி மாத்திரையோ வல்லாரையோ பலன் தருமா?

பதில்: அல்சைமரா என்று கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது அல்சைமர் போலத் தெரியவில்லை. உங்கள் கடிதமே அதற்குப் பாதி சாட்சி. எப்படிப் பாத்திரம் கருகியது, எத்தனை முறை, யார் பெயர் வரவில்லை, எத்தனை மாதமாக என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். மறந்ததை எல்லாம் இவ்வளவு நன்றாக நினைவு வைத்திருக்கிறீர்கள்! அல்சைமர் நோயாளிகளைப் பெரும்பாலும் வீட்டார்தான் கூட்டி வருவார்கள். "அம்மா கேட்டதையே பத்து முறை கேட்கிறாங்க" என்று மகள் சொல்லும்போது, அந்த அம்மா "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர், இவதான் சும்மா பயப்படுறா" என்பார். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது ஒன்று. கையில் இருக்கும் சாவி எதற்கு என்று தெரியாமல் நிற்பது வேறு. பத்து வருடம் போய்வந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் போவதும் அப்படித்தான்.

பாட்டியைப் பற்றிய பயம் புரிகிறது. இளம் வயதில் வரும் பரம்பரை அல்சைமர் என்று ஒன்று உண்டு. ஆனால் அது மிக அபூர்வம். அப்படிப்பட்ட குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக முப்பது, நாற்பது, ஐம்பது வயதிலேயே நோய் தொடங்கும். 78 வயதில் பாட்டிக்கு வந்ததால், நீங்கள் அந்த வயதை எட்டும்போது மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். இப்போது கருகும் பாலுக்கு அது காரணம் அல்ல.

சரி, பால் ஏன் கருகுகிறது? அடுப்பைப் பற்ற வைக்கிறீர்கள், போன் 'டிங்' என்கிறது. பையர் கேட்ட சாம்பிள் எங்கே என்று குரூப்பில் யாரோ கேட்டிருக்கிறார்கள். பதில் அடித்துக்கொண்டே ஹாலுக்கு வந்துவிடுகிறீர்கள். "பால் அடுப்பில் இருக்கிறது" என்பது உங்கள் மூளையில் சரியாகப் பதியவே இல்லை. பதியாததை எப்படி மறக்க முடியும்? இளம் வயதில் மறதி என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கெட்டுப்போயிருப்பது ஞாபகம் இல்லை, கவனம். சாவியும் அப்படித்தான். அதை மேசையில் போடும்போது மனசு வேறெங்கோ இருந்திருக்கும்.

நம் ஊரில் இதை முன்பே புரிந்துவைத்திருந்தார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சபை நடுவில் உட்கார்ந்து, ஒருவர் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடிக்கொண்டே, முதுகில் விழும் கற்களையும் நடுவில் அடிக்கும் மணியையும் எண்ணிச் சொல்லும் கலையை நாம் 'நினைவுக் கலை' என்று சொல்லவில்லை, 'அவதானம்' என்றோம். அந்தச் சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். இலங்கைத் தமிழர்கள் இன்றும் "அவதானமாகப் போ" என்றுதான் சொல்கிறார்கள். நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் நூறு விஷயங்களைக் கவனித்துச் சொல்லும் சதாவதானம் செய்து காட்டினார். அது பல வருடப் பயிற்சி. பயிற்சி இல்லாத நாம் ஒரே நேரத்தில் மனதில் நிறுத்திக்கொள்ளக்கூடியவை ஏறக்குறைய நான்கே விஷயங்கள் என்றுதான் உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. ஐந்தாவது வந்தால் ஒன்று கீழே விழும். உங்கள் சமையலறையில் விழுந்தது பால்.

பெயர் வராதது வேறு கதை. அது பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. நாக்கு நுனியில் நிற்கும், வெளியே வராது. களைப்பும் பதற்றமும் இருந்தால் இன்னும் மோசம். மீட்டிங் முடிந்து வண்டியில் போகும்போது தானாக வந்திருக்குமே? அப்படியானால் அது நோய் இல்லை. எனக்கு வாரம் ஒரு முறையாவது இது நடக்கிறது. நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது.

இப்போது உங்கள் தூக்கத்துக்கு வருவோம். ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம். உங்கள் வயதில் குறைந்தது ஏழு வேண்டும். உங்கள் அலுவலகத்தில் அன்றன்று நடப்பதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா? மூளையிலும் அப்படித்தான். பகலில் நடப்பதை ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி குறித்துக்கொள்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதில் வேண்டியது மூளையின் வெளி அடுக்கான புறணிக்குப் போய் நிலைபெறுகிறது. நீங்கள் இரவு பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை படிக்கிறீர்கள் என்றால், குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பேரேட்டில் ஏற்றும் குமாஸ்தாவைப் பாதி வேலையில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள். அந்த இரண்டு மணி நேரப் படிப்பு உங்களுக்கு லாபம் இல்லை, நஷ்டம். அடுத்த நாள் கவனத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது.

கூடவே, நான் சந்தேகப்படுவது அந்தச் சளி மாத்திரையை. மெடிக்கலில் கேட்டவுடன் கொடுக்கும் பல சளி மாத்திரைகளில் குளோர்பெனிரமின் என்ற பழைய ஆன்டிஹிஸ்டமின் இருக்கும். நினைவுக்கும் கவனத்துக்கும் மூளை பயன்படுத்தும் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தை அது தடுக்கிறது. மயக்கமும் மறுநாள் காலை வரை நீளும். இரண்டு நாள் சளிக்குப் போடுவதில் தப்பில்லை. வருடக்கணக்கில் தினமும் போடுவது வேண்டாம். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பாருங்கள். தும்மல் அலர்ஜிக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயும், அவ்வளவாகத் தூக்கம் வராத மாத்திரைகளும் இருக்கின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இதேபோல் பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் தரும் டோபிராமேட் இரண்டும் சிலருக்கு மறதியைத் தரும். இதைப் படிக்கும் வேறு யாராவது அவற்றைச் சாப்பிட்டு வந்தால், தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு, சைவ உணவு: இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. ரத்தசோகை முழுதாக வருவதற்கு முன்பே இரும்புச்சத்து குறைந்து களைப்பும் கவனக் குறைவும் வரலாம், அதனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். வைட்டமின் பி12 செடிகொடிகளில் இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பால், தயிரிலிருந்து கிடைப்பதுதான். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பற்றாக்குறை வெளியே தெரிய வருடங்கள் ஆகும். தெரியும்போது மறதி, பாதத்தில் மதமதப்பு, நாக்கில் எரிச்சல் என்று வரும். நாளாகிவிட்டால் நரம்புப் பாதிப்பு முழுதாகச் சரியாகாமலும் போகலாம். அப்புறம் தைராய்டு. டி.எஸ்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை அளவு அதிகமாக இருந்தால் பெரும்பாலும் தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை என்று பொருள்; அப்போது மறதி, மந்தம், எடை கூடுதல், அதிக மாதவிலக்கு எல்லாம் ஒன்றாக வரும். உங்கள் கடிதத்தில் இரண்டு இருக்கிறதே என்று எனக்கு உறுத்துகிறது. சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். ரத்தம் கொடுத்து முடிவு வரும்வரை பி12 மாத்திரை எதுவும் சாப்பிடாதீர்கள், அளவு தவறாகக் காட்டும். ரத்தப்போக்குக்கு ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதும் தனியாகச் செய்ய வேண்டியது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மனசு எப்படி இருக்கிறது? எதிலும் பிடிப்பு இல்லாமல், காலையில் எழவே தோன்றாமல், இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு முதல் அறிகுறியாகச் சிலருக்கு மறதிதான் தெரியும். சிகிச்சை எடுத்தால் மறதியும் விலகும். பள்ளிக்கூட நாளிலிருந்தே பென்சில், டிபன் பாக்ஸ் எல்லாம் தொலைத்துத் திட்டு வாங்கியவர் என்றால் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏ.டி.ஹெச்.டி.) இருக்கிறதா என்று மனநல மருத்துவர் பார்க்கலாம். உங்களுக்கு ஏழெட்டு மாதமாகத்தான் என்பதால் அதற்கு வாய்ப்பு குறைவு.

ஸ்கேன் வேண்டாம். மறதி என்று எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒரு முப்பது வயதுக்காரர் வந்தார். படம் சுத்தமாக இருந்தது. வீட்டில் எப்படித் தூங்குவார் என்று மனைவியிடம் கேட்டேன். "பக்கத்து வீடு வரைக்கும் குறட்டை கேட்கும், நடுவுல மூச்சே நின்னுடும்" என்றார். தூக்கத்தில் மூச்சுத் தடை. அவருக்கு வேண்டியிருந்தது தூக்கப் பரிசோதனைதான். கேள்வி கேட்காமல் எடுக்கும் ஸ்கேனால் பணம்தான் போகும்.

இனி செய்ய வேண்டியவை. அடுப்பு விஷயத்தில் உங்கள் ஞாபகத்தை நம்பாதீர்கள், ஏனென்றால் இது எரிவாயு. பால் வைத்தால் போனில் ஆறு நிமிட அலாரம், அல்லது இறக்கும்வரை போன் வேறு அறையில். சாவிக்கு வாசலருகே ஒரு ஆணி அடியுங்கள். மூன்று வாரம் பிடிவாதமாக அதில் மட்டும் மாட்டினால் தேடுவது குறைந்துவிடும். சிலிண்டரை அணைக்கும்போது "அணைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. ரயில் இன்ஜினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் கைகாட்டி, நிறத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது விதி. வாயும் காதும் சேரும்போது கவனம் வேறெங்கும் போக முடியாது. மருந்து, பில் கட்டுவது, யாருக்காவது போன் செய்வது போன்றவற்றைக் காகிதத்தில் எழுதிவிடுங்கள். அவற்றை மூளையில் சுமப்பதால் மூளை பலமாவதில்லை.

படிப்புக்கு வருவோம். 1885-இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். ஆக, இன்று படித்தது நாளை இல்லை என்பது உங்களுக்கு மட்டும் நேர்ந்த கொடுமை அல்ல, மூளையின் வழக்கமே அதுதான். மறக்கத் தொடங்கும் நேரத்தில் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் மறதி மெதுவாகும்: மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து.

திருப்பிப் பார்ப்பது என்றால் மறுபடி வாசிப்பது இல்லை, இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாடத்தை நான்கு முறை வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு முறை வாசித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், வாசித்தவர்களுக்குத்தான் 'நன்றாகத் தெரியும்' என்ற நம்பிக்கை அதிகம். ஆகவே புத்தகத்தில் மஞ்சள் கோடு போடுவதை விட்டுவிட்டு, மூடிவைத்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். எழுத வராத இடம்தான் நாளைய பாடம். நேரத்தையும் மாற்றுங்கள்: இரவு பத்தரைக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழுந்து ஒரு மணி நேரம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். அந்த நடையில் போனும் ஹெட்போனும் வேண்டாம்.

ஞாபக சக்தி மாத்திரை? காசை மிச்சப்படுத்துங்கள். உலகமெங்கும் விற்கும் ஜிங்கோ பைலோபா என்ற மூலிகை மருந்தை அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பல ஆண்டுகள் சோதித்தார்கள். 2008-இல் வெளியான முடிவு, டிமென்ஷியா என்ற மறதி நோயைத் தடுக்க அது உதவவில்லை என்பது. நீர்ப்பிரமி என்ற மூலிகையில் செய்த சில சிறிய ஆய்வுகள் ஓரளவு நம்பிக்கை தருகின்றன, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. வல்லாரையும் நீர்ப்பிரமியும் வேறு வேறு செடிகள். கடையில் இரண்டையும் 'பிரமி' என்றே விற்பார்கள், பார்த்து வாங்குங்கள். வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுவதில் தடையில்லை, தோசைக்கு நன்றாகவே இருக்கும். மாத்திரையாக மாதக்கணக்கில் வேண்டாம். அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது.

மறதியோடு வலிப்பு, சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடுவது, காய்ச்சலோடு குழப்பம், புதிதாகக் கடும் தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், தலையில் அடி என்று ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது ஸ்கேன் வேண்டும்.

அவை எதுவும் இல்லையென்றால், இந்த வாரம் ரத்தம் கொடுங்கள், மாத்திரையை மாற்றுங்கள், ஆணியை அடியுங்கள். இரண்டு மாதம் ஏழு மணி நேரம் தூங்கிப் பார்த்தும் பால் கருகினால், ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு மறுபடி எழுதுங்கள். அலாரம் வைத்தும் கருகியதா, வைக்க மறந்ததால் கருகியதா என்பதையும் குறிப்பிடுங்கள்.